43 பேரும் 17-ஆம் எண்ணும்

நாங்கள் பள்ளியை முடித்து ஆறு வருடம் ஆகிறது. கடைசி ஆண்டில் நான்கு பேர் சேர்ந்து வகுப்புக்காக ஒரு நினைவு மலர் போட்டோம். 68 பக்கம், நடுவில் பின் அடித்தது, அட்டையில் ஒரு தோழி வரைந்த படம். இந்த ஆண்டு பள்ளி முடிக்கப்போகும் என் சித்தி மகள் போன மாதம் போன் செய்தாள். அவர்கள் வகுப்பிலும் அப்படி ஒன்று போடப்போகிறார்களாம், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லையாம். சொல்ல ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் எங்களுடைய முதல் தவறையே தாண்டவில்லை. "அண்ணா, எழுதி அனுப்பிடுங்களேன்" என்றாள். அவளுக்காக எழுத உட்கார்ந்ததுதான் இது.

முதல் தவறு, நாங்கள் கேட்ட கேள்வி. "பள்ளி வாழ்வில் மறக்க முடியாத அனுபவம், ஒரு பக்கத்துக்கு மிகாமல்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பத்து நாளில் 19 பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதில் பதினொன்றில் வசந்தம் இருந்தது. எட்டில் பறவைகள் கூட்டை விட்டுப் பறந்தன. வகுப்பிலேயே பெரிய வாயாடி ஒருவன் இருந்தான், அவன் பேச ஆரம்பித்தால் திட்ட வந்த ஆசிரியரே சிரித்துவிடுவார். அவன் எழுதியதில் வசந்தமும் பறவையும் சேர்ந்தே வந்தன. அவனைத்தான் காணோம்.

நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து அவர்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். நான்காவது ஆள், எல்லோரிடமும் விரட்டி விரட்டி எழுதி வாங்கியவள், கடுப்பாகிவிட்டாள். "அவங்க மேல என்ன தப்பு? நாம கேட்டதே கட்டுரைத் தேர்வு கேள்வி. கட்டுரைத் தேர்வுக்கு எழுதுற மாதிரிதான் எழுதுவாங்க." அது உண்மை. அத்தனை ஆண்டுகளாக எங்களுக்கு அப்படித்தானே எழுதப் பழக்கியிருந்தார்கள்.

அப்புறம் கேள்வியை மாற்றினோம். ஐந்து சின்னக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும். எந்த பெஞ்சில் அதிக நாள் உட்கார்ந்தாய், அங்கிருந்து என்ன தெரியும்? பள்ளிக்கு வரவே பிடிக்காமல் வந்த ஒரு நாள் எது? பாடத்தைத் தவிர ஆசிரியர் யாராவது சொன்ன ஒரு வார்த்தை நினைவில் இருக்கிறதா? யாரிடமாவது வாங்கித் திருப்பித் தராத பொருள் உண்டா? யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.

இந்த முறை வந்ததைப் படித்தபோது, நான் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தது வேறு ஏதோ வகுப்பு என்று தோன்றியது. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இருந்தவர்கள் தூங்குகிறார்கள் என்றே நினைத்திருந்தோம். அவர்கள் காவல் பார்த்திருக்கிறார்கள். அந்த ஜன்னலில் இருந்து பள்ளி வாசல் தெரியும். எந்த ஆசிரியர் இன்று வரவில்லை, யாருடைய அப்பா தலைமையாசிரியரைப் பார்க்க வந்திருக்கிறார், எல்லாம் எங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி எழுதியது இன்னும் எனக்குப் பிடிக்கும். கணக்கு சாருடைய கைக்கடிகாரம் ஏழு நிமிடம் வேகமாக ஓடும். அவர் வகுப்பு எப்போதும் மணி அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுவதற்கு அதுதான் காரணம். இது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் எவனாவது போய் அவரிடம் சொல்லிவிடுவான் என்ற பயம்.

திருப்பித் தராத பொருள் என்ற கேள்விக்கு ஒருத்தி பாகைமானி என்று எழுதியிருந்தாள். அதில் இன்னொருத்தியின் பெயர் காம்பஸ் முனையால் கீறப்பட்டிருக்கும். அந்தப் பாகைமானி இல்லாததால் அன்று அந்த இன்னொருத்தி வகுப்புக்கு வெளியே நின்றாள். வாங்கியவள் உள்ளே உட்கார்ந்து அதை வைத்தே கோணம் வரைந்தாள்.

பள்ளிக்கு வரப் பிடிக்காத நாளைப் பற்றிய கேள்வியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. மலர் என்றால் மகிழ்ச்சியாகத்தானே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பன்னிரண்டு பேர் பதில் எழுதினார்கள். மதிப்பெண் வந்த மறுநாள், ஷூ கிழிந்த நாள், பாட்டி இறந்த வாரம் என்று பலவிதம். மூன்று பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் ஒரே நாளை எழுதியிருந்தார்கள். விளையாட்டுப் போட்டிக்கு அணி பிரித்த நாள். இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். கடைசியில் இந்த மூன்று பேர் மட்டும் நிற்பார்கள். "மீதியை நீயே எடுத்துக்கோடா" என்று ஒரு கேப்டன் இன்னொரு கேப்டனிடம் சொன்னான் என்று மூன்று பேரும் எழுதியிருந்தார்கள்.

எனக்கு அந்த நாள் நினைவே இல்லை. இரண்டு கேப்டன்களில் ஒருவன் நான்.

சித்தி மகளே, கேள்வியைச் சின்னதாகக் கேள். இடம், பொருள், ஒரு நாள், ஒரு வார்த்தை என்று கையில் பிடிக்கிற மாதிரி கேள். அப்புறம், உனக்குப் பிடிக்காத பதில் வரக்கூடிய கேள்வி ஒன்றாவது அதில் இருக்கட்டும்.

இரண்டாவது விஷயம், யாரெல்லாம் வகுப்பு என்பது. கடைசி ஆண்டில் நாங்கள் 43 பேர். இடையில் பள்ளியை விட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களைச் சேர்க்க வேண்டாம், பக்கம் போதாது என்றேன். விரட்டி எழுதி வாங்குகிறவள் ஒரு காகிதத்தை எடுத்து, "சரி, யார் யார் போனாங்கன்னு மொதல்ல சொல்லு" என்றாள். நான்கு பேரும் யோசித்தோம். ஐந்து பெயர் வந்தது. மறுநாள் அவள் பழைய வகுப்புப் புகைப்படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொரு பெயராக வந்தது. மொத்தம் ஒன்பது பேர். நான்கு பேரை நாங்கள் சுத்தமாக மறந்திருந்தோம், அதில் ஒருவனோடு நான் ஒரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரியில் உளவியல் வகுப்பில் இதைப் பற்றி ஒரு ஆய்வைப் படித்தபோது அந்த மேசைதான் ஞாபகத்துக்கு வந்தது. 1975-ல் அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் உயர்நிலைப் பள்ளி முடித்த 392 பேரைச் சோதித்தார்கள். வயது 17 முதல் 74 வரை. பள்ளியை முடித்து 15 வருடத்துக்குள் இருந்தவர்கள் படத்தைப் பார்த்து வகுப்புத் தோழர்களை ஏறக்குறைய 90 சதவீதம் சரியாக அடையாளம் கண்டார்கள். எதையும் காட்டாமல் பெயரைச் சொல்லச் சொன்னபோது அது சுமார் 60 சதவீதமாகிவிட்டது. 48 வருடம் கழிந்தவர்களிடமும் முக அடையாளம் 70 சதவீத அளவில் நின்றது, தானாகச் சொல்லும் பெயர்களோ 30 சதவீதத்துக்கு வந்துவிட்டன. ஆக, உள்ளே இருக்கிறது, இழுக்க ஒரு நூல் வேண்டும். யாரிடம் எழுதி வாங்கப் போனாலும் ஒரு பழைய படத்தைக் கையோடு கொண்டு போ. வெறுங்கையோடு போய் "ஏதாவது ஞாபகம் இருக்கா" என்று கேட்டால் வசந்தம்தான் கிடைக்கும்.

அந்த ஒன்பது பேரில் ஆறு பேருடைய தொடர்பு கிடைத்தது. நான்கு பேர் பதில் அனுப்பினார்கள். அதில் ஒருத்தி, மூன்றாவது வருடத்தின் நடுவில் போனவள், ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள். "நான் போனதுக்கு அப்புறம் 17-ஆம் நம்பரை யாருக்குக் குடுத்தாங்க?"

யாருக்கும் கொடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்த வருடம் முடியும்வரை ஆசிரியர் 16-க்கு அடுத்து 18 என்று கூப்பிட்டார். 18-ஆம் எண்காரன் வழக்கம்போல 17 முடியட்டும் என்று காத்திருந்து, பதில் சொல்லத் தாமதமாகி, பல நாள் திட்டு வாங்கினான். எங்கள் மலரைக் கணினியில் வடிவமைத்தவன் அவன்தான். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அவன் எதுவும் சொல்லவில்லை.

எழுதி வந்தவற்றைத் தொகுக்கும்போது இன்னொரு சிக்கல். ஆண்டு விழா நாடகத்தின் நடுவில் மின்சாரம் போன கதையை மூன்று பேர் எழுதியிருந்தார்கள். இருட்டில் மேடையில் யாரோ ஒருவர் வசனத்தை நிறுத்தாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார், அதனால்தான் நாடகம் தப்பித்தது. இதுவரை மூன்றிலும் ஒன்றுதான். அந்த ஆள் யார் என்பதில் மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள். ஒருவன் தன் பெயரையே சொன்னான். எனக்கோ நான்காவதாக ஒரு பெயர் நிச்சயமாகத் தெரிந்தது. எது சரி என்று ஒரு மதிய இடைவேளை முழுக்கச் சண்டை.

நினைவு இப்படி மாறும் என்று பின்னால்தான் படித்தேன். 1986-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்து அதே மாணவர்களை மறுபடியும் கேட்டார். பலருடைய கதை மாறியிருந்தது. தங்கள் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டியும் சிலருக்கு இப்போதைய நினைவுதான் சரி என்று பட்டதாம். இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. சண்டை ஓயாததால், மூன்று கதைகளையும் அடுத்தடுத்து அப்படியே போட்டுவிட்டோம். இன்றைக்கும் மலரைப் புரட்டுகிறவர்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் இரண்டு பேர் தங்கள் பிரதியைத் திறந்தே இருக்க மாட்டார்கள்.

இனி, எழுத எனக்கே கஷ்டமான பகுதி.

பட்டப்பெயர்களுக்கு என்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தோம். பெயர் ஒரு பக்கம், பட்டப்பெயர் ஒரு பக்கம், அது எப்படி வந்தது என்று ஒரு வரி. என் யோசனைதான். பாதிப் பெயர்களை வைத்ததும் நான்தான். இரண்டாவது வருடம் தமிழ் வகுப்பில் ஒருவன் எழுந்து பாடத்தைச் சத்தமாகப் படித்தான். பள்ளி என்ற சொல் வரும் இடமெல்லாம் பல்லி என்று படித்தான். "எங்கள் பல்லியில் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள்." வகுப்பே உருண்டு சிரித்தது. இடைவேளை மணி அடிப்பதற்குள் அவன் பல்லி ஆகிவிட்டான். பெயர் வைத்தவன் நான்.

ஐந்து வருடம் கழித்து, மலர் வேலை நடக்கும்போது, ஒரு சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"பட்டப்பேர் பக்கம் போடுறீங்களாமே?"

"ஆமாடா. எல்லாருக்கும் இருக்கு."

"என்னோடதை எடுத்துடு."

"டேய், உன்னோடதுதான்டா அதுலயே டாப்பு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அம்மா படிப்பாங்கடா" என்றான்.

வகுப்பில் எல்லோரும் தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் வீட்டில் சொன்னதே இல்லை. ஒரு தடவை யாரோ வீட்டுக்குப் போன் செய்து "பல்லி இருக்கானா" என்று கேட்க, ராங் நம்பர் என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறான். அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தத் தமிழ் வகுப்புக்குப் பிறகு அவன் சத்தமாகப் படித்து நான் கேட்டதே இல்லை. அவன் முறை வரும்போதெல்லாம் தொண்டை கட்டியிருக்கும். ஐந்து வருடமாக ஒருவனுக்கு எப்படித் தொண்டை கட்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த இரண்டு பக்கத்தையும் தூக்கிவிடலாம் என்றேன். அதற்கும் எதிர்ப்பு வந்தது, தங்கள் பட்டப்பெயரை விரும்பியவர்களும் இருந்தார்கள். கடைசியில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டோம். விருப்பமுள்ளவர்கள் தங்கள் பெயருக்கு எதிரே தாங்களே எழுதலாம், இல்லையென்றால் காலியாக விடலாம். 31 பேர் எழுதினார்கள். 12 இடம் காலி. ஒன்றிரண்டு இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒருவரைப் பற்றிய கிண்டல் எதுவானாலும் அவரே படித்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். யாரோடு யாரைச் சேர்த்து ஓட்டுவது போன்ற சமாசாரமெல்லாம் அந்த விதியிலேயே விழுந்துவிட்டது. நீங்களும் முதல் நாளே அந்த விதியை வையுங்கள். நாங்கள் வைத்தபோது பாதி வேலை முடிந்திருந்தது, ஏற்கெனவே நாலு பேருக்கு வருத்தம். அவனிடம் நான் பிற்பாடு மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றான். அதை மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போது கை வேலைகள். இதைத்தான் சித்தி மகள் முதலில் கேட்டாள், நான்தான் வேறு கதைக்குப் போய்விட்டேன்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம், அவ்வளவுதான் கணக்கு. எங்களுக்கு இது தெரியாமல் 66 பக்கம் செய்துவைத்திருந்தோம். இரண்டு பக்கம் வெட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கம் சேர்க்க வேண்டும். வெட்டினால் யார் எழுதியதை வெட்டுவது? வெறும் பக்கம் இரண்டைக் கடைசியில் சேர்த்து 68 ஆக்கினோம். மலர் கொடுத்த அன்று எல்லோரும் முதலில் திறந்தது அந்த இரண்டு வெறும் பக்கங்களைத்தான், கையெழுத்து வாங்க. முன்பே தெரிந்திருந்தால் ஆறு பக்கம் விட்டிருப்போம்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதே. அளவைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல், அல்லது நேரில் போய்க் கோப்பாகவே வாங்கு. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் 1600 பிக்சல் அகலமுள்ள படம் சுமார் ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. போனில் அருமையாகத் தெரிந்த எங்கள் வகுப்புப் படம் ஒன்றை முழுப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டதில், பின்வரிசையில் இருந்தவர்களுக்கு மூக்கு இல்லை. இன்னொரு படத்தைப் பக்க விளிம்புவரை வைத்திருந்தோம், ஓரம் வெட்டியபோது ஒருவனின் காது போய்விட்டது. விளிம்புவரை போகும் படம் என்றால் வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் 3 மில்லிமீட்டர் நீள வேண்டும், முகங்கள் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அட்டையின் நீலமும் திரையில் பார்த்தது போல் வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால். அட்டையை வரைந்த தோழி அதற்காக ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. ஒரு பக்கத்தையாவது முன்கூட்டியே அச்சடித்துப் பார்த்திருக்கலாம்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தனித் தலைவலி, எழுத்துரு. போனில் தட்டியவர்கள் யூனிகோடில் அனுப்பினார்கள். ஒரு ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் வீட்டில் இருந்த பழைய கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிக் கொடுத்தார்கள். எங்கள் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. அதை மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துவிடு. பக்கம் அமைக்கும் மென்பொருள் தமிழுக்குச் சரியாக அமைக்கப்படாமல் இருந்தால் கொம்பு ஒரு பக்கம் துணைக்கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் பிய்ந்து நிற்கும். முதல் பக்கத்திலேயே "கெ, கொ, கௌ" மூன்றையும் தட்டிப் பார். அவை ஒழுங்காக வந்தால் மற்றவை பெரும்பாலும் வரும். கடைசியில் எழுத்துருவை உள்ளேயே பதித்த பிடிஎஃப் ஆக்கிக் கொடு, அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தப்பிக்கலாம்.

பென் டிரைவ் கதையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒன்றிலேயே வைத்திருந்தோம். அது ஒரு நாள் திறக்கவில்லை. ஒன்பது பேர் எழுதியது போயிற்று, தாளில் எழுதிய பிரதியையும் தட்டச்சு முடிந்தது என்று தூக்கிப் போட்டிருந்தோம். மறுபடி எழுதித் தரக் கேட்டபோது ஒன்பது பேரும் கொடுத்தார்கள், ஆனால் முன்பு எழுதியதில் பாதி நீளம். கோபம் வேறு. புகைப்படக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஐந்து நிமிட வேலை. அதற்குச் சோம்பல்பட்டு மூன்று வாரம் அலைந்தோம்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று வகுப்பாசிரியர் சொல்லித்தான் அனுமதித்தார். அன்று எரிச்சலாக இருந்தது. அந்தக் கெடு இல்லாவிட்டால் நாங்கள் இன்றைக்கும் திருத்திக்கொண்டிருப்போம்.

மெய்ப்புப் பார்க்கும்போது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் பெயரை அவரவரே படித்து டிக் அடிக்கச் சொன்னோம். முதலெழுத்து மட்டும் ஆறு பேருக்குத் தவறாக இருந்தது. ஆசிரியர்கள் பெயரையும் அப்படியே சரிபார்த்தோம். அலுவலகப் பட்டியலுக்கு வந்தபோது மணி அண்ணா. மணி அடிப்பவர், தண்ணீர்த் தொட்டி பார்ப்பவர், மழை நாளில் சின்னப் பிள்ளைகளை வாசல்வரை கொண்டுவிடுபவர். ஏழு வருடமாக மணி அண்ணா, மணி அண்ணா என்றே கூப்பிட்டோம். அவருடைய முதலெழுத்து என்னவென்று கேட்கப் போனேன். அவர் சிரித்தார்.

"தம்பி, என் பேரு மணியே இல்லப்பா."

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு வகுப்பு, மணி அடிக்கிறார் என்பதால் அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறது. ஆசிரியர்களும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மலரில் எந்தப் பெயர் போட வேண்டும் என்று கேட்டபோது, தாளை என் கையிலிருந்து வாங்கி, தன் பெயரைத் தானே நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தையே அப்படியே படமெடுத்து அச்சிட்டோம். பல்லி விஷயம் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதனால்தான் எனக்குக் கேட்கவே தோன்றியது என்று நினைக்கிறேன்.

மலர் கொடுத்த நாள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம், கையெழுத்து, கொஞ்சம் அழுகை. பாகைமானிக்காரி அதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள், கொடுத்தாள். அணி பிரித்த நாளைப் பற்றி எழுதிய மூன்று பேரில் ஒருவன் என்னிடம் வந்து, "நீதான் அந்த கேப்டன்னு தெரிஞ்சும் அதை வெட்டாம போட்டிருக்கியே" என்றான். வெட்ட நினைத்தேன் என்பதை நான் சொல்லவில்லை.

வகுப்பின் வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. பிறந்த நாளுக்கு மட்டும் விழிக்கும். பள்ளி முடியும்போது நாங்கள் யாரும் பிரியவே மாட்டோம் என்றுதான் எல்லோரும் எழுதினோம், அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது. அறிமுகமானவர் ஓரளவு நண்பராக 50 மணி நேரம் போல ஆகிறது, நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். ஒரே வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தாலே 200 எப்போதோ தாண்டிவிடும். ஆனால் வேலைக்காகக் கட்டாயத்தில் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு அவ்வளவு பலன் இல்லை என்றும் அதில் வருகிறது. என் விஷயத்தில் பார்த்தால், ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன் பிறந்த நாள் வாழ்த்தோடு நிற்கிறான். மலர் வேலைக்காகப் பள்ளி முடிந்து தினமும் இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்த அந்த மூன்று பேரோடுதான் இன்றும் பேச்சு இருக்கிறது. அதில் பாதி நேரம் சண்டைதான் போட்டோம்.

பெயர்ப் பட்டியல் பக்கத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அதைக் கடைசி ஆண்டு வரிசை எண்படிதான் போடுவதாக இருந்தது. வடிவமைத்தவன் கேட்கவில்லை. மூன்றாவது வருடத்து எண்களைப் போட்டான். அதற்குப் பின் வந்து சேர்ந்தவர்களை எண் இல்லாமல் கீழே எழுதினான். குழப்பமாக இருக்கிறது, யாருக்கும் புரியாது என்று மூன்று பேரும் சொன்னோம். "68 பக்கத்துல இந்த ஒரு பக்கம் என் இஷ்டம்" என்றான். அந்தப் பக்கத்தில் 16, 17, 18 வரிசையாக இருக்கிறது.

17-ஆம் எண்காரிக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினோம். முகவரியில் ஆள் இல்லை என்று ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அவள் பதில் அனுப்பிய போன் எண்ணும் அதற்குள் வேலை செய்யவில்லை.

மாதிரிக்கு ஒரு பிரதி வேண்டும் என்று சித்தி மகள் கேட்டாள். என்னுடையதை அனுப்பியிருக்கிறேன், பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். 18-ஆம் எண்காரனிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்று உறை பிரிக்காமல். அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.